மாமாவிடம் சொல்லலாமா?

நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வீட்டு ஆட்கள் மட்டும் டாக்டரின் அறைக்குள் போகும் வழக்கம் நம் பக்கத்தில் இன்றும் குறையவில்லை. "எங்களிடம் சொல்லுங்கள், அவரிடம் வேண்டாம், தாங்க மாட்டார்" என்று கெஞ்சுவார்கள். கெஞ்சுவது பாசத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் தாய்மாமாவின் கழுத்துக் கட்டி விஷயத்தில் எங்கள் குடும்பமும் அப்படித்தான் கேட்டது. அறுவை மருத்துவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் மறுத்தது சரிதானா என்பதில் மாமா மகனுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நல்லது கெட்டதுக்கு எங்கே கூடினாலும் இந்தப் பேச்சு எழுந்துவிடுகிறது. அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் மனம் ஒரு பக்கம்தான் சாய்கிறது. ஏன் என்பதை நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பாலமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கொஞ்சம் தென்னையும் நெல்லும் வைத்திருக்கிறார். தை பிறந்துவிட்டால் அவர் வேறு ஆள். சுற்றுவட்டார ஜல்லிக்கட்டுகளில் மைக் பிடிப்பவர் அவர். டிவி வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் பெரிய வாடிவாசல்களில் அல்ல, சின்ன ஊர்களில். காலையில் கோயில் காளையை அவிழ்க்கும்போது தொடங்கினால் கடைசி மாடு போகும்வரை பேச வேண்டும். எந்த ஊர் மாடு, யாருடைய மாடு, பிடித்தால் அண்டாவா, சைக்கிளா, வெள்ளிக்காசா, எல்லாம் மூச்சுவிடாமல் வரும். "வாலைப் பிடிக்காதே, ஒருத்தர் மட்டும் திமிலை அணை" என்று அதட்டுவதும் அவர்தான். ஒரு முறை மாடு முட்டித் தள்ளிய பையன் ஒருவன் எழுந்து ஓடப் பார்த்தான். மாடு அவன் தலைமாட்டிலேயே திரும்பி நின்றது. மாமா குரலை இறக்கி, "தம்பி, அசையாதே, அப்படியே கிட, மூச்சை மட்டும் விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்த கூட்டமே அந்தக் குரலுக்கு அடங்கியது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனது. இதற்கெல்லாம் அவருக்குக் கிடைப்பது ஒரு துண்டும் கொஞ்சம் பணமும்தான். அந்தக் குரல் அவருக்கு என்ன என்பதைச் சொல்லாமல் கட்டியைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நெறி என்றார்கள்

கட்டி வந்தது வலது தாடை மூலைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். பற்றுப் போட்டார்கள். பக்கத்து ஊர் டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். பிறகு மதுரையில் ஓர் இடத்தில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்த்தார்கள். போதிய செல்கள் வரவில்லை, உறுதியாகச் சொல்ல இயலாது என்று அறிக்கை வந்தது. அதை வைத்துக்கொண்டே காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். கழுத்தில் நாள்பட்ட நெறி என்றால் நம் நாட்டில் முதலில் காசநோயை நினைப்பது தவறே அல்ல. அவ்வளவு பரவலான நோய் அது. ஆனால் கிருமி எதிலுமே தென்படாமல், கட்டி ஒரு துளியும் குறையாமல், சிறுநீர் மட்டும் ஆரஞ்சு நிறமாகப் போய்க்கொண்டிருந்தபோது யாராவது நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் ஒருவரிடம் கடைசியில் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. அதுவரை பார்த்த யாரும் செய்யாத ஒன்றை அவர் செய்தார். கட்டியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார், அசைந்தது. மேலும் கீழும் அசைத்தார், அசையவில்லை. பிறகு கட்டைவிரலால் மெதுவாக ஓர் அழுத்தம் கொடுத்தார். மாமாவுக்கு வறட்டு இருமல் வந்தது. விரலை எடுத்தார், நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி இருமல். "சட்டைக் காலர் பித்தானைப் போட்டாலும் இப்படித்தான் டாக்டர் வருகிறது, அதனால்தான் போடுவதில்லை" என்றார் மாமா. இத்தனை மாதங்களில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதும் இல்லை, அவரும் அதைச் சொல்லத் தக்க விஷயமாக நினைத்ததும் இல்லை. டாக்டர் உடனே எதுவும் சொல்லவில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுக் குரல்நாண்களைப் பார்த்தார். இரண்டும் நன்றாக அசைந்தன. அதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார்.

ஸ்கேன் படத்தில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு, இரண்டு முனையும் ஒடுங்கிய ஒரு கட்டி இருந்தது. தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஒருபுறமாகவும், அங்கிருந்து இரத்தத்தை இறக்கும் ஜுகுலர் சிரை மறுபுறமாகவும் தள்ளப்பட்டிருந்தன. டாக்டர் பேனா முனையால் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டினார். இந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஓடுவது வேகஸ் நரம்பு. கட்டி அந்த நரம்பிலேயே முளைத்திருந்தால்தான் இரண்டையும் இப்படிப் பிரிக்கும். பக்கத்திலேயே ஓடும் சிம்பதெட்டிக் நரம்பில் வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். தமனி கவையாகப் பிரியும் இடத்தில் வரும் இன்னொரு வகைக் கட்டியும் உண்டு. அது இரத்தக் குழாய்கள் நிறைந்தது, அதில் கத்தி வைப்பதே வேறு கணக்கு. படத்தில் அது இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஷ்வானோமாவாக இருக்க வேண்டும், எடுத்துப் பரிசோதித்தபின் உறுதியாகும் என்றார். காசநோய் மாத்திரை அன்றோடு நின்றது.

நரம்பு இழைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் செல்களுக்குத் தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மானியரின் பெயர். 1839இல் வெளிவந்த அவருடைய ஆய்வுநூல் உயிரியலையே திருப்பிப் போட்டது. அந்தச் செல்கள் ஓரிடத்தில் பெருகித் திரண்டால் ஷ்வானோமா. புற்று அல்ல, வேறு இடத்துக்குப் பரவாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இதைக் கேட்டதும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எங்கள் எல்லோருக்கும் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. அந்த நிம்மதியில்தான் சிக்கலும் தொடங்கியது. புற்று இல்லை என்றால் எடுத்து எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எல்லோரும் நினைத்தோம். கட்டி என்ன ரகம் என்பதைவிட அது எந்த நரம்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி என்று அப்போது புரியவில்லை.

அறைக்கு உள்ளே மூவர்

அடுத்த முறை போனபோது மாமாவை வெளியே விட்டுவிட்டு அத்தை, மச்சான், நான் மூவரும் உள்ளே போனோம். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. குரல்நாணை அசைக்கும் கிளை கழுத்திலேயே பிரிந்து போய்விடுவதில்லை. தாய் நரம்போடு கீழே இறங்கி, வலப்பக்கத்தில் கைக்குப் போகும் தமனியையும் இடப்பக்கத்தில் மகாதமனியின் வளைவையும் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலே ஏறி வருகிறது. ஆகவே கழுத்தில் தாய் நரம்பு அடிபட்டால் அந்தப் பக்கத்துக் குரல்நாண் நின்றுபோகும். பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் குரலுக்குப் போகும் இந்தக் கிளை நரம்பை முடக்கிக் காட்டியிருக்கிறார். பன்றி உயிரோடுதான் இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. குரலை ஆள்வது இதயம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் நிறைந்த காலம் அது.

நரம்பை வெட்டாமல் கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பேன், ஆனாலும் குரல் மாறுவதற்கு வாய்ப்பு கணிசமாக உண்டு, சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான்தான் பேசினான். "டாக்டர், இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். கட்டியை எடுத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லுங்கள். குரல் போகும் என்று தெரிந்தால் ஆபரேஷனுக்கே வர மாட்டார். கையெழுத்தை நான் போடுகிறேன்."

"வராமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது தம்பி" என்றார் டாக்டர். குரலில் கடுமை இல்லை. "நாளைக்கே எடுக்காவிட்டால் உயிர் போகும் என்கிற கட்டி இல்லை இது. அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. கழுத்து அவருடையது. அவரிடம் சொல்லாமல் நான் கத்தியை எடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்து மாமாவை உள்ளே கூப்பிட்டார். எங்கள் மூவரையும் வெளியே போகச் சொல்லவில்லை. மாமா நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஐயா, உங்கள் குரலை வைத்து நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள்?"

கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று இருந்தது. அதுவரை டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமா முதலில் கூச்சப்பட்டார். பிறகு மைக் பிடிப்பதைச் சொன்னார். எந்தெந்த ஊர், எத்தனை மணி நேரம், சளி பிடித்தாலும் எப்படிச் சமாளிப்பார் என்பதையெல்லாம் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்துவிட்டு, இப்போது நான் சொல்லும் வழிகள் கொஞ்சம் மாறுகின்றன என்றார். ஒன்று, எடுக்காமலே ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம். வளர்ந்து தொண்டையை நெருக்கினால் பிறகு எடுக்கலாம், ஆனால் பெரிதானபின் நரம்பைக் காப்பாற்றுவது கடினம். இன்னொன்று, நரம்போடு சேர்த்து வேரோடு எடுப்பது. கட்டி மிச்சம் இருக்காது, அந்தப் பக்கத்துக் குரல்நாணும் அசையாது. மூன்றாவது, பலாச்சுளையை ஒரு பக்கம் கீறிக் கொட்டையை மட்டும் பிதுக்கி எடுப்பதுபோல, நரம்பு இழைகள் ஓடாத இடமாகப் பார்த்துக் கட்டியின் உறையைக் கீறி உள்ளே இருப்பதை எடுப்பது. உறையோடு நரம்பு தங்கிவிடும். ஏதாவது துளி மிஞ்சிப் பின்னால் வளரலாம், வளர்ந்தாலும் மெதுவாகத்தான் வளரும். "மைக் பிடிப்பவர் என்று தெரிந்தபின் மூன்றாவதைத் தவிர வேறொன்றை நான் தொடமாட்டேன். சந்தேகம் வந்தால் கட்டியில் கொஞ்சம் விடுவேன், நரம்பைத் தொடமாட்டேன்" என்றார்.

மாமா கேட்டவை இரண்டே கேள்விகள். "போனால் மொத்தமாகப் போய்விடுமா?" ஊமையாகிவிட மாட்டீர்கள், இடது நாண் வேலை செய்யும், காற்றுக் கலந்த குரலாக இருக்கும், உரக்கக் கூப்பிட முடியாது, தண்ணீர் குடித்தால் புரையேறும் என்றார் டாக்டர். "எத்தனை நாள் தள்ளலாம்?" அப்போது ஐப்பசி. தையும் மாசியும் முடியட்டும் என்றார் மாமா. டாக்டர் யோசித்துவிட்டுத் தள்ளலாம் என்றார். விழுங்கச் சிரமம் வந்தாலோ குரல் கம்மினாலோ அன்றே வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது அந்த அரைமணி நேரம்தான். மாமாவிடம் மறைக்கப் பார்த்தபோது, மாமாவைப் பற்றிய விஷயமும் டாக்டரிடம் போய்ச் சேராமல் நின்றிருந்தது. அதை அந்த அறையில் இருந்த யாரும் உணரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் சொல்வது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொல்வோம். அவர் எதற்காக வாழ்கிறார் என்பதை அவரால்தான் சொல்ல முடியும். இந்தக் கட்டியில் அது வெறும் உணர்ச்சி விஷயமும் அல்ல, கத்தி எந்த இடத்தில் இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையே அதுதான் தீர்மானித்தது.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. டில்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயது வந்த, நினைவோடு முடிவெடுக்கக் கூடிய ஒருவருக்காக, உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, தாயின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அரிய ஆபத்துகளையெல்லாம் அடுக்கிப் பயமுறுத்த வேண்டியதில்லை, நோயாளி முடிவெடுக்கப் போதுமான அளவு சொல்ல வேண்டும். வேகஸ் நரம்பில் கத்தி வைக்கும்போது குரல் என்பது மூலையில் இருக்கும் ஆபத்து அல்ல, நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

தை, மாசி, அதற்குப் பிறகு

அந்தத் தையில் மாமா தன் ஊர்ப் பையன் ஒருவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். ஒரு மாடு இவர், ஒரு மாடு அவன். பையன் பரிசைத் தப்பாகச் சொன்னால் தோளைத் தட்டித் திருத்தினார். மாட்டின் கொம்பையும் சுழியையும் பார்த்து என்ன பேச வேண்டும், ஆள் விழுந்தால் குரலை ஏன் இறக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. தெரிந்திருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. மறைத்துவைத்திருந்தால் ஐப்பசியிலேயே படுக்கவைத்திருப்பார்கள், அந்த ஆண்டுத் தை அவருக்கு இல்லாமலே போயிருக்கும்.

பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. மூச்சுக்காக வைக்கும் குழாயிலேயே குரல்நாணைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்முனைகள் இருந்தனவாம். சிறு மின்கம்பியால் உறையின் மேல் தொட்டுப் பார்க்கும்போது நரம்பு இழை இருக்கும் இடமென்றால் கருவி ஒலிக்கும், ஒலிக்காத இடத்தில் கீற வேண்டும். டாக்டர் வெளியே வந்து கிண்ணத்தில் கட்டியைக் காட்டினார். வெளிர் மஞ்சளாக, வழவழப்பாக இருந்தது. எஸ்-100 என்ற சாயப் பரிசோதனையும் சேர்ந்து ஷ்வானோமாதான் என்று உறுதியாயிற்று. நரம்பு முழுசாக இருந்தது, கடைசியில் தொட்டபோதும் கருவி ஒலித்தது என்றார். இருந்தும் மறுநாள் மாமா வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. வெட்டுப்படாத நரம்பும் இழுபட்டதில் அசந்துபோகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்ததால் மாமா பதறவில்லை. என்னைப் பார்த்துக் கையால் 'இருக்கட்டும்' என்று காட்டினார்.

தண்ணீர்தான் படாதபாடு படுத்தியது. ஒரு மடக்குக்கும் புரையேறும். நீர்மோரும் அப்படியே. கேப்பைக்கூழ் நிதானமாக இறங்கியது. நீர்த்திருப்பதுதான் காற்றுக்குழாய்க்குள் ஓடிவிடும், கெட்டியாக இருப்பது மெதுவாகப் போகும் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். தலையை வலப்பக்கம், அதாவது அசையாத நாண் இருக்கும் பக்கம் திருப்பி, தாடையைத் தாழ்த்தி விழுங்கப் பழக்கினார். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு மடக்குக்கும் "திருப்புங்கள், குனியுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆடி வாக்கில் புரையேறுவது நின்றது. குரலும் பாதி வந்தது. திண்ணையில் உட்கார்ந்து பேசப் போதும், வரப்பில் நின்று கூப்பிடப் போதாது.

மச்சானின் வாதம் இது: ஐப்பசியிலிருந்து பங்குனிவரை அப்பா தூங்கவே இல்லை. நடு இரவில் எழுந்து தொண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உடம்பு பாதியாகிவிட்டது, தெரியாமல் இருந்திருந்தால் இந்த வதை இல்லை, முடிவும் இதேதானே. அவன் பொய் சொல்லவில்லை. நானே பார்த்திருக்கிறேன். சொல்வதற்கு ஒரு விலை உண்டு, அதை நோயாளிதான் கொடுக்கிறார், சொன்ன டாக்டரும் சொன்னது சரி என்கிற நானும் இரவில் நன்றாகத்தான் தூங்கினோம். இதை ஒப்புக்கொள்ளாமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பேசுவது சுலபம். ஆனால் முடிவு இதேதான் என்பதை நான் ஏற்கவில்லை. ஒன்றும் தெரியாமல் விழித்தெழுந்து, வாயைத் திறந்து காற்று மட்டும் வந்திருந்தால், மாமா அதற்குப்பின் எங்களில் யாரையும் நம்பியிருக்க மாட்டார். டாக்டரையும்தான். தலையைத் திருப்பு, தாடையைத் தாழ்த்து என்று சொன்னதையெல்லாம் அவர் கேட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.

போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனோம். நால்வரும் ஒன்றாகவே உள்ளே போனோம். வலது நாண் லேசாகத் துடிக்கிறது, முழுதாக அசையவில்லை. இன்னும் மீள வாய்ப்பிருக்கிறது, ஓர் ஆண்டு நிறையட்டும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால், 1974இல் ஜப்பானியர் இஷிகி வகுத்த முறையில் குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு ஜன்னல் வெட்டி, ஒரு துண்டு வைத்து, அசையாத நாணை நடுவுக்குத் தள்ளிவிடலாம். முழு மயக்கம் வேண்டாம், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளியைப் பேசச் சொல்லி, குரலைக் காதால் கேட்டுக் கேட்டே துண்டைச் சரிசெய்வார்களாம். உரத்த குரல் முன்போலவே வந்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதையும் டாக்டர் மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். இந்த முறை அத்தைதான் முதலில் கேட்டார்: செலவு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லுமா, எத்தனை நாள் தங்க வேண்டும். மச்சான் அந்தத் துண்டு எதனால் ஆனது, பின்னால் நகர்ந்துவிடுமா என்று கேட்டான். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பங்குனிவரை பார்ப்போம், அதற்குள் தானாக வராவிட்டால் செய்துகொள்கிறேன் என்றார். டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார்.